புல்வெளியில் மண் கோபுரம் கட்டும் டெவில் கிரேஃபிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு வடக்கு வர்ஜீனியாவில், வாஷிங்டனிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு புறநகரில் இருக்கிறது. கொல்லைப்புறம் சரிந்து போய் ஒரு சிறு ஓடையில் முடியும். வீடு வாங்கிய முதல் ஏப்ரலில், நல்ல மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலை பார்த்தால், புல்லுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்கு மண் உருண்டைகளை அடுக்கி வைத்தாற்போல ஒரு கோபுரம். உச்சியில் ஓட்டை. நான் பாம்புப் புற்று என்று பயந்துவிட்டேன். அப்போது ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “புத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நண்டு வளைப்பா” என்றார். டெல்டாவில் ஆயுசு முழுக்க வரப்பு ஓட்டை அடைத்தவர். முக்கால்வாசி சரியாகத்தான் சொன்னார்.

அப்புறம் இதே படத்தை அனுப்பி “இது என்ன?” என்று கேட்காத நண்பர்கள் இல்லை. மேரிலாந்திலிருந்து கேட்டார்கள், ஒஹாயோவிலிருந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கோபுரத்தைக் கட்டியது யார்?

கிரேஃபிஷ். நன்னீரில் வாழும் கொடுக்குள்ள ஓட்டுயிரி. பார்க்கக் கடல் சிங்கி இறாலைச் சிறிதாக்கியது போல இருக்கும். முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள், நீண்ட மீசைகள், பின்னால் விசிறி போல விரியும் வால். எங்கள் பகுதியில் புல்வெளியில் கோபுரம் கட்டுவதில் பெயர்பெற்ற இனம் டெவில் கிரேஃபிஷ். அறிவியல் பெயர் லாகுனிகாம்பாரஸ் டயோஜெனஸ். வளர்ந்தது ஒரு விரல் நீளத்துக்கு மேல், சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கும். பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த உடம்பு. கொடுக்கின் நுனியிலும் ஓரங்களிலும் சிவப்பு தீற்றியிருக்கும்.

ஓடையில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும் கிரேஃபிஷ் வேறு, இது வேறு. ஓடையில் வாழ்வதற்கு வால் பெரிது, உடம்பு தட்டை. ஆபத்து என்றால் வாலை அடித்துப் பின்பக்கமாகப் பாயும். வளை தோண்டும் இனத்துக்குப் பாய்ந்து ஓட இடம் ஏது? அதனால் வால் ஒடுங்கி, கொடுக்கு தடித்து அகன்று, முதுகோடு வில்வண்டிக் கூண்டு போல உயர்ந்திருக்கும். அந்த உயரத்துக்கு ஒரு காரணம் உண்டு. மூச்சு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தமிழில் இதற்கு என்ன பெயர்?

ஊரில் இல்லாத பிராணிக்கு ஊர்ப் பெயர் இருக்காது. நன்னீர்ச் சிங்கி இறால் என்று எழுதுபவர்கள் உண்டு. அதைப் படித்தால் பாதிப் பேர் கடல் சிங்கியை நினைப்பார்கள். நான் கிரேஃபிஷ் என்றே எழுதுகிறேன். தெற்கு மாநிலங்களில் கிராஃபிஷ் என்பார்கள், நடுப்பகுதிகளில் கிராடாட் என்பார்கள், சேற்றுப்பூச்சி என்ற பொருளில் மட்பக் என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றே. ஃபிஷ் என்று முடிவதால் மீன் என்று நினைக்க வேண்டாம். பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலக்காரர்கள் வாயில் அப்படித் திரிந்துவிட்டது.

டெவில் சரி, டயோஜெனஸ் எங்கிருந்து வந்தார்?

சார்ல்ஸ் ஜிரார்டு என்று ஒருவர். பிரான்ஸில் பிறந்து, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய விலங்கியலாளர். 1852 இல் இந்த இனத்தை விவரித்து இந்தப் பெயரைச் சூட்டினார். டயோஜெனஸ் என்பவர் வீடு வாசல் வேண்டாம் என்று ஒரு பெரிய மண் ஜாடிக்குள் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கிரேக்க ஞானி. மண் குழாய்க்குள் தனியாக வாழும் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? நம் ஊராக இருந்தால் “எலி வளையானாலும் தனி வளை” என்று முடித்திருப்பார்கள். உண்மையிலேயே ஒரு வளைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். இன்னொன்று எட்டிப் பார்த்தால் கொடுக்கு பேசும்.

நான் வேறு மாநிலத்தில் இருக்கிறேன். என் வீட்டில் இருப்பதும் இதே இனமா?

அநேகமாக இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பார்கள்.

ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் கரை வரை எங்கே இப்படிப்பட்ட கோபுரம் தெரிந்தாலும், உள்ளேயிருப்பதைப் பிடித்துப் பார்த்து “காம்பாரஸ் டயோஜெனஸ்” என்று சீட்டு ஒட்டுவதே ஒன்றரை நூற்றாண்டாக வழக்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில், நீந்திப் போக முடியாத, வளையை விட்டு நகரவே சோம்பும் ஒரு பிராணி ஒரே இனமாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் சிலருக்கு இருந்துகொண்டே இருந்தது. 2005 இல் ஒஹாயோ, இண்டியானா பக்கத்துக் கூட்டம் வேறு இனம் என்று பிரித்து, கொடுக்கின் பல நிறங்களுக்காகப் பாலிக்ரோமேட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். 2018 இல் மேல் க்ளோன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மரபணுவை ஒப்பிட்டு, இந்தக் கூட்டம் முழுவதையும் லாகுனிகாம்பாரஸ் என்ற தனிப் பேரினமாக்கினார்கள். ஜிரார்டின் பழைய டயோஜெனஸையும் மறுபடி விவரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் புது இனங்கள். 2019 இல் வந்த ஒன்று உருவத்தில் பெரியது. அதற்கு காட்ஸில்லாவை நினைவுபடுத்தும்படி கிராஸில்லா என்றே பட்டப்பெயர். அடுத்த ஆண்டு விவரிக்கப்பட்ட இன்னொன்றுக்கு “தனிமையான வெட்டியான்” என்ற பொருள்படும் பெயர். மண் தோண்டுவதாலும் தனியாக வாழ்வதாலும் அப்படிச் சொல்லத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆக, ஒஹாயோ நண்பர் அனுப்பிய படத்தில் இருந்தது அநேகமாகப் பாலிக்ரோமேட்டஸ். கிழக்குக் கரைப் பக்கம் நாங்கள் பார்ப்பதுதான் அசல் டயோஜெனஸ். இதைத் தவிர வேறு பேரினத்தைச் சேர்ந்த வளை தோண்டிகளும் இதே போலக் கோபுரம் கட்டும். கோபுரத்தை மட்டும் பார்த்து இனம் சொல்ல முடியாது. பழக்கத்தில் எல்லாம் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் போலத்தான், அதனால் கீழே சொல்லும் பெரும்பாலானவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கோபுரம் எதற்கு?

முதலில் அது எப்படி உருவாகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரவில்தான் வேலை. கீழே ஈர மண்ணைக் கொடுக்கால் பெயர்த்து, கொடுக்குக்கும் வாயருகே உள்ள சிறு கால்களுக்கும் இடையில் அணைத்து, கோலி அளவுக்கு உருண்டையாக்கி மேலே தூக்கி வந்து ஓட்டையின் விளிம்பில் வைக்கும். திரும்பப் போகும். அடுத்த உருண்டை. விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை முடிந்தால் அதன்மேல் அடுத்த வரிசை. காலையில் வெயில் பட்டதும் காய்ந்து செங்கல் போல இறுகிவிடும். சாதாரணமாக 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். சில இடங்களில் முழங்காலைத் தொடப் பார்க்கும்.

தோண்டிய மண்ணை எங்காவது போட்டாக வேண்டும். வளையை விட்டு அதிகம் வெளியே வராமல் போட இதுதான் சுலபமான வழி, அவ்வளவுதான் கோபுரம் என்று ஒரு கட்சி. ஓட்டை உயரத்தில் இருந்தால் மேலே வீசும் காற்று உள்ளேயிருக்கும் காற்றை இழுக்கும், வீட்டுப் புகைப்போக்கி போல, அதனால் காற்றோட்டத்துக்காகவே கட்டுகிறது என்று இன்னொரு கட்சி. மழைத் தண்ணீர் நேரே உள்ளே பாயாமல் தடுக்கும் என்போரும் உண்டு. எனக்கு முதல் கட்சியின் வாதம்தான் பிடித்திருக்கிறது. கோபுரத்தைத் தட்டிவிட்டால் பல நேரம் அது திரும்பக் கட்டுவதில்லை. ஓட்டையை மட்டும் சரிசெய்துகொண்டு இருந்துவிடுகிறது. மறுபடி தோண்ட வேண்டி வரும்போதுதான் மறுபடி கோபுரம் எழும்புகிறது. இது நான் என் கொல்லையில் பார்த்தது, ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வளை எவ்வளவு ஆழம் போகும்?

நிலத்தடி நீர் எங்கே நிற்கிறதோ அது வரை. இதுதான் கணக்கு. ஈரமான தாழ்வில் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். நீர்மட்டம் கீழே இருந்தால் இரண்டு மூன்று மீட்டர் கூடப் போகும். கோடையில் நீர் இறங்க இறங்க இதுவும் தோண்டிக்கொண்டே பின்னால் போகும். கிட்டத்தட்டச் செங்குத்தான ஒரு சுரங்கம், அடியில் தண்ணீர் நிற்கும் ஓர் அறை, பல வளைகளில் பக்கவாட்டில் ஒன்றிரண்டு கிளைகள், சிலவற்றுக்கு இரண்டாவது வாசல்.

ஆகவே உங்கள் புல்வெளியில் கோபுரம் இருக்கிறது என்றால், அதன் கீழே ஆண்டு முழுவதும் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். வீடு வாங்கும் முன்பே இது தெரிந்திருந்தால் நிலவறையில் ஈரம் வருமா என்று நான் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பேன்.

கிரேஃபிஷ்களைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஹார்ட்டன் ஹாப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942 இல் வகுத்தது. எப்போதும் வளையிலேயே வாழ்பவை முதல் வகை. மழைக்காலத்தில் வெளித் தண்ணீருக்கு வந்து மற்ற நேரம் வளைக்குள் இருப்பவை இரண்டாவது. ஓடை குளங்களிலேயே வாழ்ந்து, வறட்சி வந்தாலோ முட்டையிட வேண்டுமானாலோ மட்டும் தோண்டுபவை மூன்றாவது. டெவில் கிரேஃபிஷ் முதல் வகை என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் விதியைக் கொஞ்சம் மீறும்.

தண்ணீர்ப் பிராணி மண்ணுக்குள் எப்படி மூச்சு விடுகிறது?

செவுளால்தான். செவுள் ஈரமாக இருக்கும் வரை காற்றிலிருந்தும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியும். வளையின் அடியில் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இலைதழை அழுகிக்கொண்டிருக்கும் இடம் அது. அதனால் இந்தப் பிராணி பெரும்பாலான நேரம் தண்ணீர் விளிம்புக்கு மேலே, ஈரம் சொட்டும் சுரங்கக் காற்றில் உட்கார்ந்திருக்கும். உடம்பு காய்ந்தால் கீழே இறங்கி நனைந்துகொள்ளும். முதுகோடு உயரமாக இருக்கிறது என்றேனே, அதன் இரு பக்கமும் செவுள் அறைகள்தான். மற்ற இனங்களில் முதுகின் நடுவே இரண்டு செவுள் அறைகளுக்கும் இடையில் ஓர் இடைவெளிப் பட்டை தெரியும். இதில் இரண்டு அறைகளும் பெருத்து நடுவில் ஒட்டிக்கொண்டு அந்தப் பட்டையே கோடாகிவிட்டது. கையில் பிடித்தவர்கள் இனத்தை அடையாளம் காண முதலில் பார்ப்பது அதைத்தான்.

2021 இலும் சின்னச் சின்ன மண் குழாய்கள் வந்தன. அவையும் இதுவா?

இல்லை, அவை சிக்காடா என்ற சில்வண்டு. 17 வருடத்துக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் பத்தாம் கூட்டம் எங்கள் பகுதியில் 2004 இலும் 2021 இலும் வந்தது, அடுத்தது 2038. மண் ஈரமாக இருந்தால் அந்தப் பூச்சிகளும் வெளிவருமுன் சின்ன மண் கூண்டு கட்டும். ஓட்டை விரல் நுழையும் அளவுதான், மரத்தடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கிரேஃபிஷ் ஓட்டை பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவிலிருந்து அதற்கு இரு மடங்கு வரை இருக்கும். மண் உருண்டைகளும் தனித்தனியாகத் தெரியும்.

என்ன தின்னும்? செடிகளைக் கடிக்குமா?

எது கிடைத்தாலும். அழுகிய இலை, வேர், மண்புழு, பூச்சி. இரவில் வாசலுக்கு அருகே சுற்றி மேயும். வாசலை ஒட்டி நட்ட கீரை நாற்று ஒன்றிரண்டு போகலாம். என் வெண்டைக்கு மான்கள் செய்ததில் நூறில் ஒரு பங்கு கூட இது செய்ததில்லை.

குஞ்சு எப்போது, எங்கே?

ஆணிடம் ஒரு விசித்திரம். இந்தக் குடும்பத்து ஆண்கள் இனப்பெருக்கக் காலத்துக்கு முன் சட்டை உரித்து மாப்பிள்ளைக் கோலத்துக்கு வரும். காலம் முடிந்ததும் மறுபடி உரித்துச் சாதாரணக் கோலத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு கோலத்துக்கும் உடலமைப்பே மாறும். இனங்களைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் தேடுவதும் மாப்பிள்ளைக் கோலத்து ஆணைத்தான்.

பெண் முட்டைகளை ஒரு பசையால் வாலின் அடியில் ஒட்டிக்கொண்டு சுமக்கும். கறுத்த திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். பொரித்த பிறகும் குஞ்சுகள் உடனே போவதில்லை. முதல் ஒன்றிரண்டு சட்டை உரிப்பு வரை தாயின் வாலிலேயே தொற்றிக்கொண்டு கிடக்கும். வசந்த மழையில் தாழ்வுகளில் தண்ணீர் தேங்கும் நேரம் பார்த்துத் தாய் வளையை விட்டு வெளியேறி அங்கே குஞ்சுகளை விடும். பனி உருகிய பள்ளங்களிலும் சாலையோர வாய்க்கால்களிலும் மார்ச், ஏப்ரலில் தெரியும் பொடிக் கிரேஃபிஷ்களில் பல இவை. தண்ணீர் வற்றுவதற்குள் அவை தமக்கென்று வளை தோண்டியாக வேண்டும்.

ஓட்டைக்குள் பாம்பு இருக்குமா?

இருக்கலாம். அதனால் கையை விடாதீர்கள். ஆனால் பயந்து அடைக்கவும் வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

உறைபனிக் காலத்தில் உறையாத தண்ணீர், கோடையில் வற்றாத ஈரம். தோண்டத் தெரியாத பிராணிகளுக்கு இப்படி ஓர் இடம் எங்கே கிடைக்கும்? நடு அமெரிக்காவின் புல்வெளிகளில் கிராஃபிஷ் தவளை என்றே ஒன்று உண்டு. கிரேஃபிஷ் கைவிட்ட வளைதான் அதற்கு வீடு. இனப்பெருக்கத்துக்குக் குளத்துக்குப் போய்வரும் நாட்களைத் தவிர ஆண்டின் பெரும்பகுதியை அதன் வாசலிலேயே கழிக்கும். பெரிய ஏரிகள் பக்கத்தில் மசசாகா என்ற சிறிய கிலுகிலுப்பைப் பாம்பு குளிர்காலத்தை இந்த வளைகளில், தண்ணீரை ஒட்டிக் கழிக்கிறது. அது விஷப் பாம்பு, எங்கள் பக்கம் இல்லை. இங்கே வளையில் ஒதுங்குவது பெரும்பாலும் சாதுவான புல்வெளிப் பாம்புகள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு தட்டான். ஹைன்ஸ் எமரால்டு என்று பெயர், மரகதக் கண்கள். இலினாய், விஸ்கான்சின் சதுப்புகளில் மிச்சமிருக்கும் இதை 1995 இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது. தட்டானின் இளம்பருவம் தண்ணீரில் கழிகிறது. இதற்கு அது நாலைந்து வருடம். சதுப்பு கோடையில் காய்ந்துபோகும்போது அந்த இளம்தட்டான்கள் டெவில் கிரேஃபிஷ் வளைக்குள் இறங்கித் தப்பிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கிரேஃபிஷ் அவற்றைப் பிடித்துத் தின்னவும் செய்யும். அப்படியானால் கிரேஃபிஷ் எதிரியா, காவலா? 2006 இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தது. தின்பதால் வரும் நஷ்டத்தைவிட ஒண்ட இடம் கொடுப்பதால் வரும் லாபம் பெரிது என்பது முடிவு. அன்று டெவில் கிரேஃபிஷ் என்று எழுதப்பட்டது இன்றைய பிரிவினையில் அதன் உறவினமாக இருக்கலாம். வேலை என்னவோ ஒன்றுதான்.

சரி, எப்படி ஒழிப்பது?

அதிகம் வரும் கேள்வி இதுதான்.

மருந்து ஊற்றாதீர்கள். புல்வெளிக் கிரேஃபிஷைக் கொல்ல என்று அனுமதி பெற்ற பூச்சிக்கொல்லி எதுவும் அமெரிக்காவில் இல்லை. காரணம் வளையின் வடிவத்திலேயே இருக்கிறது. அடியில் நிலத்தடி நீர் திறந்து கிடக்கிறது. மேலே ஊற்றுவது நேரே அதில் போய்ச் சேரும், அங்கிருந்து ஓடைக்கும், சிலருக்குக் கிணற்றுக்கும். காஸ்டிக் சோடா உருண்டை போடுங்கள், பிளீச் ஊற்றுங்கள், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் தானே வெளியே வரும் என்றெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசனை சொல்வார்கள். எதையும் செய்ய வேண்டாம். கல்லைப் போட்டு அடைத்தாலும் பயனில்லை. தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவனோடு மண்வெட்டிப் போட்டியா?

உண்மையான தொல்லை ஒன்றுதான். காய்ந்த கோபுரம் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியை மழுக்கும். வெட்டுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, கால் நுனியால் கோபுரங்களைத் தட்டிவிட்டு மண்ணைப் பரப்பிவிடுங்கள். ஐந்து நிமிடம். மழைக்கு மறுநாள் ஈரமாக இருந்தால் இன்னும் சுலபம்.

ஒரேயடியாக வேண்டாம் என்றால் பிராணியை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். கூரைத் தண்ணீர் அந்தத் தாழ்வில் போய்த் தேங்குகிறதா? சரிவைத் திருத்த முடியுமா? வடிகால் குழாய் பதிக்க முடியுமா? மண் காய்ந்தால் அவை தாமாக இடம் மாறும். ஆனால் ஓடைக்கரைத் தாழ்வைக் காயவைப்பது செலவு பிடித்த வேலை, பல இடங்களில் அனுமதியும் வாங்க வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த மூலையில் புல் வளர்ப்பதையே கைவிட்டேன். ஈரத்தைத் தாங்கும் உள்ளூர்ச் செடிகளை நட்டேன். இப்போது அங்கே புல்வெட்டியும் போவதில்லை, கோபுரமும் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, பதில் எழுதினேன், அத்தோடு முடிந்தது.

வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆபத்தா?

வளையால் வீடு இறங்காது. ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டியே கோபுரம் வருகிறது என்றால் அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரத்தைத்தான் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். குளக்கரை விஷயம் வேறு. மண்ணால் கட்டிய சிறு கரையில் பல வளைகள் குறுக்கே போனால் கசிவு தொடங்கலாம். வரப்பில் நண்டு ஓட்டை போட்டு ஒரே இரவில் வயல் தண்ணீர் வடிந்துபோன கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் ஒன்றைத் தோண்டி எடுக்க அரை மணி நேரம், அதில் கிடைக்கும் வால்சதை ஒரு வாய். கட்டுப்படியாகாது.

லூசியானாவில் கூடை கூடையாக வேகவைத்துக் கொட்டும் கிராஃபிஷ் வேறு இனம், சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷ். அதுவும் தோண்டும்; அதன் தோண்டும் குணத்தை வைத்தே அங்கே விவசாயம் நடக்கிறது. நெல் வயலிலேயே வளர்க்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் தண்ணீரை வடித்தால் கிரேஃபிஷ்கள் வளைக்குள் போய்விடும், உள்ளேயே முட்டையிடும். மேலே நெல் விளைந்து அறுவடையாகும். அக்டோபர் வாக்கில் அறுத்த தாளோடு வயலில் மறுபடி தண்ணீர் கட்டினால் தாய்கள் குஞ்சுகளோடு வெளியே வரும். குளிர்காலம் தொடங்கி வசந்தம் வரை பிடிப்பார்கள். ஒரு போகம் நெல், ஒரு போகம் கிரேஃபிஷ். அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. “நண்டுக்குத் தண்ணி கட்டுறானா?” என்றார்.

எந்த இனமானாலும் நன்றாக வேகவைக்க வேண்டும். மிசோரியில் 2006 க்கும் 2010 க்கும் இடையில் ஒன்பது பேருக்கு நுரையீரல் தட்டைப்புழு நோய் வந்தது. படகுப் பயணத்திலும் முகாமிலும் ஆற்றுக் கிரேஃபிஷைப் பச்சையாகத் தின்றவர்கள். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் இதையும் தொட வேண்டாம்.

பிள்ளைகள் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். தொட்டியில் விடலாமா?

வளை தோண்டும் பிராணியைக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். கடையில் வாங்கி வளர்ப்பதானால் ஒரே ஒரு விஷயம்: பிடிக்கவில்லை என்று ஓடையில் கொண்டுபோய் விடாதீர்கள். சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷ் இப்படி மனிதர் கையால் ஐரோப்பாவுக்கும், 1970 வாக்கில் கென்யாவின் நைவாஷா ஏரிக்கும் போய், அங்கிருந்த நீர்ச்செடிகளைத் தின்று தீர்த்தது. மார்பிள் கிரேஃபிஷ் என்று இன்னொன்று, 1990களில் ஜெர்மனியின் மீன் தொட்டிக் கடைகளில் தலைகாட்டியது. எல்லாம் பெண், ஆண் துணையில்லாமல் தன்னைப் போலவே குஞ்சு பொரிக்கும். ஒன்றே ஒன்று தப்பினால் போதும். மடகாஸ்கரில் இன்று அது ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது.

நம் ஊரில் ஏன் கிரேஃபிஷ் இல்லை?

உலகில் சுமார் 700 இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பாதிக்கும் மேல் வட அமெரிக்காவில். மற்றவை ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும், தெற்கே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னமெரிக்கா, மடகாஸ்கரிலும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. ஒருகாலத்தில் மடகாஸ்கரோடு ஒட்டிக்கிடந்த நிலம்தான் இந்தியா, ஆனாலும் இல்லை. கிரேஃபிஷ் இல்லாத இந்த வெப்ப நாடுகளில் நன்னீர் நண்டுகள் கொழிக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, அந்த இடத்தை நண்டு பிடித்துக்கொண்டது என்று சொல்பவர்கள் உண்டு. வயல் நண்டு செய்வதும் இதே வேலைதான். ஈரமண்ணில் வளை, அடியில் தண்ணீர், வாசலில் மண் குவியல், இரவில் மேய்ச்சல். அம்மா முக்கால்வாசி சரி என்று நான் சொன்னது அதனால்தான்.

உயிரோடு பார்க்க வேண்டுமானால்?

பகலில் காத்திருந்து பயனில்லை. காலடி அதிர்வு பட்டாலே கீழே இறங்கிவிடும். “நண்டு கொழுத்தால் வளையில் தங்காது” என்பார்கள். இது கொழுத்தாலும் தங்கும், மழை பெய்தால்தான் தங்காது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை, குளிர் விட்ட முதல் சில மழை இரவுகளில், பத்து மணிக்கு மேல், சிவப்புக் கண்ணாடி மாட்டிய கைவிளக்கோடு போங்கள். புதிய, ஈரம் காயாத உருண்டை வைத்த கோபுரமாகத் தேர்ந்தெடுத்து இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். முதலில் இரண்டு மீசை தெரியும். அப்புறம் கொடுக்கின் சிவந்த நுனி, அதில் ஒரு மண் உருண்டை. சென்ற ஏப்ரலில் என் மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறாவது உருண்டைக்குக் கொசு தாங்காமல் உள்ளே வந்துவிட்டோம்.